படகில் கத்தாத ஒருவர்

நாங்கள் விடுதிக்கு மூன்று பேராக வந்தோம். அறைக்குப் போகும்போது நான்கு பேராக இருந்தோம். அந்தக் கேளிக்கைப் பூங்காவின் குடும்ப அறைகள் நால்வருக்கானவை. ஆள் குறைந்தால் விடுதியே தன் ஆட்களில் ஒருவரைச் சேர்த்துவிடும். வரவேற்பறையில் மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டும்போதே அது முடிந்துவிடுகிறது. சேர்ந்தவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மேலாளர் கோட்டும் ரப்பர் செருப்பும் அணிந்திருந்தார். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யும்போது அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனால் போதும் என்றார். ஆள் மாறிவிட்டால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். சில சமயம் மாறுவதுண்டு, இதுவரை யாரும் புகார் செய்ததில்லை என்றார் மேலாளர்.

பதிவேட்டில் 'பழனிவேல், உடன் இருவர்' என்று இருந்தது. பழனிவேல் என்பது அப்பா. அதனால் அவர் சந்தேகத்திலிருந்து விடுபட்டு, சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மிச்சம் அம்மா, நான், தம்பி பிரணவ்.

மேஜையில் கிடந்த குறிப்புத்தாளில் அப்பா எங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். கீசரின் சுவிட்ச் அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதை முதல் தடவையிலேயே போட்டாள். அதை எழுதிக்கொண்டார். பிரணவ் யாரிடமும் கேட்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி காட்டினான். அதையும் எழுதினார். தாரணி என்ற என் பெயருக்கு நேரே வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு 'ஒன்றும் இல்லை' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

நான்காம் வகுப்பில் எந்த மாடிப்படியில் விழுந்தேன், முதல் சைக்கிளுக்கு என்ன நிறம் என்றெல்லாம் என்னிடம் கேட்டார்கள். பதில்கள் எனக்குத் தெரியும். மூன்று பேர் சேர்ந்து பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்விலும் அப்படித்தான் நின்றேன்.

"அக்கா முன்னாடியும் இப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்றான் பிரணவ்.

"இருந்துச்சா?"

"அப்படித்தான் ஞாபகம்."

ஞாபகத்தையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதன்பின் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே இருந்தோம். தோசையை எந்தப் பக்கத்திலிருந்து பிய்க்கிறோம், தும்மிய பிறகு என்ன சொல்கிறோம் என்று கவனித்தோம். குளித்துவிட்டு வந்த அம்மா ஈரத்துண்டை அன்னப்பறவை வடிவத்தில் மடித்துக் கட்டிலில் வைத்ததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் படகுச் சறுக்கலுக்குப் போனோம். ஐந்து மாடி உயரத்திலிருந்து படகு தண்ணீரில் விழும். விழும் நொடியில் ஒரு கேமரா படம் பிடித்துவிடும். எங்கள் படத்தில் மூன்று வாய்கள் திறந்திருந்தன. என் வாய் மூடியிருந்தது.

மேலாளர் எங்கள் பின்னால் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி ஆட்கள் இந்தப் படகில் பல நூறு தடவை விழுந்தவர்கள், ஞாபகம் போனாலும் வயிற்றுக்குப் பழகியிருக்கும், அதனால் கத்த மாட்டார்கள் என்று விளக்கினார். இந்த முறையில் தவறு நேர்வது குறைவாம். அப்பா படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டில் அவர் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு சாம்பாருங்களா, ரசமுங்களா?"

இருபத்திரண்டு வருடமாக என்னை நீ என்று சொன்னவர். நான் ரசத்தைக் கையால் காட்டினேன். நிறையவே ஊற்றினார். அம்மா தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

சந்தேகம் உள்ள குடும்பங்களுக்குக் கடைசி நாள் காலையில் இன்னொரு முறை படகு ஏற அனுமதி உண்டு. அதில் முடிவாகிவிடும். நான் விடியற்காலையில் எழுந்து குளியலறைக் கண்ணாடி முன் வாயைத் திறந்து பழகினேன். காற்று வந்தது. வீட்டில் என் அறையில் ஜன்னலோரம் இருக்கும் மேஜையை நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தேன். அப்போதும் காற்றுதான். நாளையிலிருந்து அந்த மேஜையில் பிரணவ் தன் கிரிக்கெட் சாமான்களை வைப்பான்.

அம்மா உள்ளே வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கத்த வரலீன்னா வாயை மட்டும் தொறந்துக்கோ கண்ணு. மத்தத நான் பாத்துக்கறேன்."

படகில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து என் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் படகு கொஞ்சம் நின்றது. கார் நிறுத்துமிடமும் எங்கள் வெள்ளைக் காரும் தெரிந்தன. பிறகு விழுந்தோம். நான் வாயைத் திறந்தேன். "ஐயோ முருகா" என்று அம்மாவின் குரல் அதிலிருந்து வந்தது. பால் பொங்கி வழியும்போது சமையலறையிலிருந்து கேட்கிற அதே குரல்.

படத்தில் என் வாய் நன்றாகத் திறந்திருந்தது. அம்மா உதடுகளை அழுத்தி மூடியிருந்தாள்.

மேலாளர் தலையசைத்தார். "எனக்கு அந்த கீசர் சுவிட்சுலயே ஒரு சந்தேகம்" என்றார் அப்பா. பிரணவ் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டான்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் குரல் இல்லை. கைப்பையையும் போனையும் என் கையில் கொடுத்தாள். என் துப்பட்டாவைச் சரிசெய்தாள். பிறகு மேலாளரோடு 'பணியாளர்களுக்கு மட்டும்' என்று எழுதிய கதவுக்குப் போனாள். அதைத் தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். அவள் இழுத்துத்தான் திறந்தாள். அது தெரிந்து செய்ததா, தற்செயலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஏசி போதுமா என்று அப்பா கேட்டார். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றேன் அம்மாவின் குரலில். அவர் குறைத்தார்.

சுங்கச்சாவடி தாண்டியதும் அம்மாவின் போன் அடித்தது. சாந்தாமணி சித்தி. விடுதியின் சாப்பாடு, நீச்சல் குளத்தின் கூட்டம், பிரணவுக்குக் கால் வழுக்கியது என்று இருபது நிமிடம் பேசினேன். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. சித்தி நடுவில் இரண்டு முறை சிரித்தாள்.

"சரிக்கா, தாரணிகிட்டக் குடு."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். சாப்பிட்டாயா, வேலைக்கு எழுதிப் போட்டது என்ன ஆயிற்று, வெளியூர் போன இடத்திலாவது நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று சித்தி கேட்டாள். நான் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"சரி கண்ணு, அம்மாகிட்டக் குடு" என்றாள்.

போனைப் பழைய காதுக்கு மாற்றினேன்.