பெட்டியின் கனம்

பெட்டியின் சக்கரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது அது சுவரைப் பார்த்து நின்றது. அதில் பூனைக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

பூனை என்பது வேன்காரர் வைத்த பேர். பள்ளிக்கூட வேன் ஓட்டி, நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் காது புளித்துப் போனவர் அவர். தன் வீட்டில் தங்கிப் படிக்க வந்த வெளிநாட்டுப் பெண் காலடிச் சத்தமே இல்லாமல் நடப்பது அவருக்குப் பெரிய அதிசயம். “பூனை மாதிரி வருது இந்தப் பொண்ணு. திரும்பிப் பாத்தா பின்னாடி நிக்குது, உசிரே போயிடுது” என்று மனைவியிடம் சொன்னார். பேர் ஒட்டிக்கொண்டது.

அவள் அப்படி நடந்ததற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கல்லூரி உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைக்கும். இது அவளுக்கு மூன்றாவது குடும்பம். முதல் வீட்டில், எந்நேரமும் போனில் அம்மாவோடு பேச்சு என்று புகார். இரண்டாவது வீட்டில், குளியலறை பூராவும் முடி என்று புகார். இந்த வீடுகளையெல்லாம் கவனித்துக்கொள்ளும் கல்லூரி மேடம் அவளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு வீட்டுல இருந்து புகார் வந்தா, உனக்கு ஊருக்கு டிக்கெட் போடறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.” டிக்கெட் போட்டால் படிப்பு அதோடு சரி. ஊரில் அவளுடைய சித்தப்பா, “நான் அப்பவே சொன்னேனே” என்பதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆகவே பூனை இந்த வீட்டில் இருந்தும் இல்லாதவளாக இருந்தாள். சாப்பிட்ட தட்டு ஈரம் காய்வதற்குள் கழுவித் துடைத்து அடுக்கில் ஏறிவிடும். உதிர்ந்த முடியைப் பொறுக்கிக் காகிதத்தில் சுருட்டித் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போடுவாள். அம்மாவோடு பேச பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். பெட்டியை மட்டும் பிரிக்கவே இல்லை. இரண்டாவது வீட்டில், அலமாரியிலிருந்து அவள் துணிகளை எடுத்து அடுக்கியபோது, அந்த வீட்டுக்காரி வாசற்படியில் நின்று உள்ளாடை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் சாமான் ஏதாவது சேர்ந்து போய்விடுமோ என்று. அன்று போன மானம் பூனைக்கு இன்னும் திரும்பி வரவில்லை. இந்த முறை போகச் சொன்னால், பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான். தேவையானதை எடுப்பாள், துவைத்து உலர்த்தி மறுபடி பெட்டியில் வைத்து மூடுவாள். இந்த வீட்டம்மா அவளுக்காக அலமாரியைக் காலி செய்து, தட்டுகளில் புதுக் காகிதம் விரித்து வைத்திருந்தார். பூனை அதன் கதவைக்கூடத் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட பெட்டிதான் இப்போது இடம் மாறியிருந்தது. மறுநாளும் மாறியது. ஜிப் இழுத்தது இழுத்தபடி இருந்தது, பூட்டும் பூட்டியபடி இருந்தது. எதுவும் காணாமல் போகவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. திருடினால் திருட்டு என்றாவது சொல்லலாம். இது எந்தக் கணக்கில் சேர்த்தி?

சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே அதற்கு ஒத்து ஊதும். பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை செய்யும் வீட்டம்மா, சாப்பாட்டு மேசையில் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: “அலமாரிக் கதவு சரியா மூடுதா கண்ணு?”

“மூடுது ஆன்ட்டி.”

“உன் பெட்டி நல்ல பெட்டி. ஆனா நல்ல கனம்.”

கனம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? வேன்காரர் தமாஷாக்கினார். “உங்க ஆன்ட்டிக்குத் தராசே வேணாம்மா. பார்சலக் கையில தூக்கினாலே போதும், ஆள் அனுப்பினது புத்தகமா புளியான்னு சொல்லிடுவா.” வீட்டம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கல்லூரி முடிந்து பூனை வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறையில் இருவரும் பேசுவது கேட்டது. வழக்கம்போல அவள் வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

“இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. கொஞ்சம்கூடக் குறையல” என்றார் வீட்டம்மா.

“மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?”

“பொறுங்க. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்.”

பூனை ஓசைப்படாமல் தன் அறைக்குள் போய்விட்டாள். எது குறையவில்லை? தன்னால் இவர்களுக்கு வரும் தொல்லையா? இன்னும் எவ்வளவுதான் குறைவது, மூச்சையும் நிறுத்திவிடவா? அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இந்த முறை புகார் அவர்களிடமிருந்து போகக் கூடாது, தன்னிடமிருந்துதான் முதலில் போக வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

காலையில் பெட்டியின் பிடியில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வீட்டம்மா கதவைத் திறந்தபோது, அவருடைய கருநீல ஆபீஸ் சட்டையின் கை ஓரத்தில் வெள்ளையாகத் தீற்றல் இருந்தது. “வா கண்ணு, மூஞ்சியே சரியில்லையே, உடம்புக்கு முடியலையா?” என்றார். என்ன நடிப்பு என்று பூனை பல்லைக் கடித்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. ஜெயித்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மாலை மேடம் காரில் வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“இந்தப் பொண்ணு இல்லாதப்ப அவ ரூமுக்குள்ள போறீங்களா?”

வேன்காரர் மனைவியைப் பார்த்தார். வீட்டம்மா முந்தானை இல்லாத தோளில் எதையோ தேடுவதுபோலக் கையை வைத்துக்கொண்டு, “போறேன் மேடம்” என்றார்.

“எதுக்கு?”

“பெட்டியத் தூக்கிப் பாக்க.”

“தூக்கிப் பாக்கவா?”

“திறக்கல மேடம், சத்தியமா. போன வருஷம் எங்க வீட்டுல ஒரு பையன் இருந்தான். அவனும் பெட்டியப் பிரிக்கவே இல்ல. ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து பாத்தா, பையனும் இல்ல, பெட்டியும் இல்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகல. நாங்க என்ன குறை வச்சோம்னு இன்னி வரைக்கும் தெரியல. இந்தப் பொண்ணும் அப்படியே இருக்கா. வாயத் திறந்து கேட்டா, ஓடிப் போயிடுவாளோன்னு பயம். அதான் தினம் தூக்கிப் பாப்பேன். கனம் குறைஞ்சா, துணிய எடுத்து அலமாரில வச்சிட்டா, இருப்பான்னு அர்த்தம். இன்னிக்குக் காலைல வரைக்கும் குறையல.”

பூனைக்கு முகம் எரிந்தது. “மேடம், நான் தெரியாம சொல்லிட்டேன். புகார வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள்.

“இது என்ன விளையாட்டா? கேக்காம ரூமுக்குள்ள போற வீட்டுல பிள்ளைங்கள வைக்கறதில்ல. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. உன் மேல தப்பில்ல, உன் படிப்புக்கு ஒண்ணும் வராது, பயப்படாத. வேற வீடு பாத்து வச்சிட்டேன். போய் எடுத்து வை, காத்திருக்கேன்.”

படிப்பு பிழைத்துவிட்டது. அதைத்தானே கேட்டாள்? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடுத்து வைக்க ஒன்றுமே இல்லை. நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி அழ வேண்டும் போலிருந்தது. அந்த அழுகைக்கும் சத்தம் வரவில்லை, அவ்வளவு பழகிவிட்டிருந்தது. முதல் தடவையாக அலமாரியைத் திறந்தாள். துணி மாட்டும் கொக்கிகள் ஒவ்வொன்றிலும், துணி வழுக்கி விழாமல் இருக்க, பழைய பனியன் துணியைக் கிழித்து யாரோ பொறுமையாகச் சுற்றித் தைத்திருந்தார்கள். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பூட்டைத் திறந்தாள்.

அவள் வெளியே வந்தபோது வேன்காரர் தரையைப் பார்த்தபடி, “போயிட்டு வா பூனை” என்றார்.

வீட்டம்மா, “நான் எடுத்துட்டு வரேன், படி வழுக்கும்” என்று பெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாசற்படியில் அதைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கவுன்ட்டரில் நிற்பதுபோல, கையை லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“குறைஞ்சிருக்கே” என்றார்.

“என்னது?” என்றார் மேடம் காருக்குள்ளிருந்து.

“ஒண்ணுமில்ல மேடம்.” பிறகு பூனையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “கோட்டு. நீ வந்த அன்னிக்குக் கையில வச்சிருந்தியே, குளிருக்குப் போடுற பெரிய கோட்டு. மறந்துட்டியா?”

“இல்ல ஆன்ட்டி. அலமாரில மாட்டியிருக்கேன்.”

வீட்டம்மா தலையாட்டினார். பெட்டியைக் கீழே வைக்காமல் கார் வரைக்கும் கையிலேயே சுமந்துகொண்டு போனார். பூனை அவர் பின்னால் நடந்தாள். வெளியே அந்த வருஷத்தின் முதல் குளிர், பற்கள் தந்தியடித்தன.