கட்டாரில் இருக்கும் ராஜலிங்கம்

"மாப்பிள்ள எப்ப வாராரெண்டு கேளு," என்றார் தாஸிம் ஹாஜியார்.

மாப்பிள்ள என்றது புருஷனை. கேட்கச் சொன்னது மனைவி மஸாஹிராவிடம். பதில் சொல்ல வேண்டிய சுகிர்தாவோ அவருக்கு நேர் எதிரே, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாகக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தனியாக வீடு கேட்டு வந்த பொம்பிளையோடு நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்பது ஹாஜியாரின் கொள்கை. அவருடைய புடவைக் கடைக்குத் தனியாக வரும் பெண்களோடு மணிக்கணக்கில் பேசுவார். அது வியாபாரம்.

"மாப்பிள்ள எப்ப வாராரு தங்கச்சி?" என்று மஸாஹிரா வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

இந்தக் கெலிஓயா வீடும் கைவிட்டால் சுகிர்தாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. வயது முப்பத்தெட்டு. கண்டி டவுனில் ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியில் வேலை. எத்தனையோ புருஷன்மாருக்கு வாகனம் ஓட்டப் பழக்கிவிட்டவள். இருப்பது நாவலப்பிட்டியில் அண்ணன் தினேஸ் வீட்டு முன்ஹோலில், மடக்குக் கட்டிலில். விடியுமுன் பஸ் பிடித்து, இருட்டியபின் திரும்பி, இடையில் அண்ணியின் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாக வீடு எடுக்கப் போகிறேன் என்றதும் தினேஸ் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தான். "ஊரு ஒன்னைய கேக்காது. என்னையத்தான் கேக்கும்," என்றான்.

கடுகண்ணாவையில் வீட்டுக்காரச் சிங்களப் பெண்மணி சிரித்த முகமாகத்தான் கதவைத் திறந்தாள். "மஹத்தயா கோ?" என்று புருஷனைத் தேடிச் சுகிர்தாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு நாய்தான் நின்றது. கட்டுகஸ்தோட்டையில் நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு தமிழ்ப் பெரியவர், குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்போம் என்றார். "நானும் ஒரு குடும்பந்தானேங்க," என்றாள் இவள். நல்ல பகிடி கேட்டவர்போல் சிரித்துக்கொண்டே அவர் கதவைச் சாத்தினார். வேறெதிலும் ஒத்துப்போகாத சனங்கள் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேசினார்கள். நாட்டின் ஒற்றுமை பற்றிக் கவலைப்படுகிறவர்கள், வீடு தேடும் தனிப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாள் நடந்து பார்க்கலாம்.

பதில் வராததால் ஹாஜியார் அடையாள அட்டையைக் கேட்டார், மனைவி வழியாகத்தான்.

"ராஜலிங்கம் சுகிர்தா," என்று வாசித்தவரின் முகம் மலர்ந்தது. "ராஜலிங்கம். மாப்பிள்ளட பேரு இதிலயே இரிக்கே. ஆள் வெளிநாட்டிலயா எண்டு கேளு."

ராஜலிங்கம் அவளுடைய அப்பா. பெண்பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் வருவது ஹாஜியாருக்குத் தெரியாததல்ல. அவர் மகள் இல்மாவின் பெயருக்கு முன்னாலும் தாஸிம்தான் இருந்தது, இருக்கிறது. ஆனால் முப்பத்தெட்டு வயதுக்காரியோடு இன்னும் தகப்பன்தான் ஒட்டிக்கொண்டிருப்பான் என்று அவர் புத்தியில் படவேயில்லை.

"வெளிநாட்டிலயா தங்கச்சி?"

சுகிர்தா வாயைத் திறந்தாள்.

"கட்டாராத்தான் இரிக்கும்," என்றார் ஹாஜியார். "எங்கட மருமகனும் அங்கதானே. பாவம், சரியான சூடு."

சுகிர்தா வாயை மூடிக்கொண்டாள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே மேல்மாடி வீட்டின் சாவி கிடைத்தது, ராஜலிங்கத்துக்கு.

வராத மனிதருக்கு அந்த வீதியில் கிடைத்த மதிப்பு, வந்து குடியிருந்தவளுக்குக் கிடைக்கவில்லை. மூலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அரூஸ்தான் வீதிச் சங்கத்தின் செயலாளர். மழைக்கு நிரம்பி வழியும் வீதியோரக் கானுக்கு மூடி போடவேண்டும் என்று சுகிர்தா கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, எல்லாரும் பொறுமையாக அவள் உட்காரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். "மிஸ், ஹஸ்பன்ட்ட நம்பர தாங்களேன், குரூப்பில போட," என்று அரூஸ் கேட்டார். அலுத்துப்போயிருந்தவள் தன் நம்பரையே கொடுத்தாள். அரூஸ் அதை ராஜலிங்கம் சேர் என்று அறிவித்துக் குரூப்பில் சேர்த்தார்.

அன்றிரவு வீதியின் வட்ஸ்அப் குரூப்பில் அதே கான் விஷயத்தை அதே வார்த்தைகளில் எழுதினாள். நிமிடத்தில் கட்டைவிரல்கள் உயர்ந்தன. 'ராஜலிங்கம் சேர் செல்றது நூத்துக்கு நூறு சரி' என்று ஹாஜியார் குரல் பதிவே அனுப்பினார். அந்த வாரமே கொங்கிறீட் மூடி வந்து இறங்கியது. எவ்வளவு தூரத்திலிருந்தும் நம் வீதியை மறக்காத மனுசன் என்று சனம் நெகிழ்ந்தது. கூட்டத்துக்கு வருவதில்லை, யாரோடும் சண்டையில்லை, சத்தம் போட்டுப் பேசியதேயில்லை. இப்படி ஒரு மனிதரைத் தேடினாலும் கிடைக்குமா? ஆண்டுக் கூட்டத்தில் அவரைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். எதிர்த்து ஒருவருமில்லை.

கூட்டம் ஹாஜியார் வீட்டு ஹோலில்தான் நடந்தது. மஸாஹிரா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். அரூஸ் பல்லெல்லாம் தெரியச் சுகிர்தாவிடம் வந்தார்.

"மிஸ், சேர்ட ஃபோட்டோ ஒண்டு தாங்க. குரூப்பில போடோணும்."

சுகிர்தா ஃபோனை எடுத்தாள். தன்னிடம் இருந்த ஒரே ராஜலிங்கத்தைக் காட்டினாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில், தோளில் மழைக்குப் போர்த்தும் கொங்காணிச் சாக்கோடு, பல் போன கிழவர் ஒருவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"இது ஆரு?" என்றார் அரூஸ்.

"எங்கப்பா. ராஜலிங்கம் இவருதாங்க. செத்துப் பல வருசம் ஆச்சு. எனக்குக் கல்யாணமே ஆகல."

ஃபோன் கைக்குக் கை மாறியது. தங்கள் தலைவரை ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

அரூஸ்தான் முதலில் சுதாரித்தார். "சரி, நடந்தது நடந்திட்டு. இத வெளிய செல்ல வாணாம். ராஜலிங்கம் கட்டாரிலயே இரிக்கட்டும். மிஸ்ஸும் மேல இரிக்கட்டும். ஆருக்கும் ஒரு கரைச்சலும் இல்ல."

தலைகள் ஆடின. நல்ல யோசனை என்றார்கள். செத்துப்போன தகப்பனை மகளுக்குப் புருஷனாக்கி வைத்திருக்க அங்கே ஒருவரும் கூசவில்லை. உயிரோடிருக்கும் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதுதான் அவர்களைக் கூச வைத்தது.

சுகிர்தா ஃபோனைத் திரும்ப வாங்கி அப்பாவைப் பார்த்தாள். ஆயுள் முழுக்கத் தோட்டத்து லயத்தில் கிடந்து, கடிதம் வந்தால்கூடத் தோட்டத்து ஒஃபிசில் கைகட்டி நின்று வாங்கிய மனிதர். உயிரோடிருந்தபோது அவருக்கு லயத்தில் ஒரு காம்பிரா அறை மேலதிகமாகக் கொடுக்க ஆளில்லை. இப்போது ஒரு வீடும் தலைவர் பதவியும்.

"அவரு கட்டாருக்கெல்லாம் போகலைங்க," என்றாள். "கண்டிக்கு வந்ததே ஆஸ்பத்திரிக்குத்தான். இந்த வீட்டுல நாந்தான் இருக்கேன், தனியா. அப்பிடித்தான் இருப்பேன். அது புடிக்கலன்னா, காலி பண்ணுன்னு எங்கிட்ட சொல்லுங்க. கட்டாருக்குச் சொல்லாதீங்க."

ஹாஜியார் சிவந்துபோய் எழுந்தார். "வீட்ட விடச் செல்லு," என்றார் மஸாஹிராவிடம்.

மஸாஹிரா தட்டத்தை மேசையில் வைத்தாள். "நான் செல்ல மாட்டன். அவ ஒங்கட முன்னுக்குத்தானே இரிக்கிறா. நீங்களே செல்லுங்க."

ஹாஜியார் சுகிர்தாவின் பக்கம் திரும்பினார். வாயும் திறந்தது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? மகள் என்று கூப்பிட்டுவிட்டு வெளியே போ என்று சொல்ல முடியாது. மிஸ் என்றால் மதித்ததாகிவிடும். திருமதி என்று சொல்ல இனி வழியில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாயை மூடித் திறந்து மறுபடியும் மூடினார்.

சுகிர்தா காத்திருந்தாள். அவசரமில்லாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை மஸாஹிராவிடம் கொடுத்துவிட்டு, படியேறி மேலே போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு பெருநாள் வந்து போய்விட்டது. ஹாஜியார் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மேல்மாடியில்தான் இருக்கிறாள்.