ஞாயிற்றுக்கிழமை நாடுகள்

போன மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜப்பானுக்குப் போனோம். மூன்று மணிக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்பிவிட்டோம். அக்காவுக்கு ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி.

விமானம் என்பது சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்ட நாலு நாற்காலி. விமானி என் அத்தான், தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். பணிப்பெண் என் அக்கா, பாதி நர்ஸ் உடையில், கையில் தண்ணீர் டம்ளரோடு. பயணிகள் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். இறங்கியதும் அத்தான் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டார். ஜப்பானில் அப்படித்தான் வணங்குவார்களாம். அவருக்கிருக்கிற தொப்பைக்குப் பாதி வணக்கம்தான் தேறியது. ஜப்பான்காரன் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பான்.

இந்தக் கூத்து வாராவாரம் நடக்கும். "பிள்ளைங்க உலகத்தைத் தெரிஞ்சு வளரணும் மாப்ள" என்பார் அத்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறார். காலையில் கடை, மதியம் வீடு, மறுபடி கடை. நடுவில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது, அதைத் தாண்டுவதுதான் அவர் வாழ்க்கையின் அதிகபட்சப் பிரயாணம். இவர் உலகத்தைக் காட்டப் போகிறாராம்.

பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் உண்டு. மாத்திரை அட்டைப்பெட்டியை வெட்டி, நடுவில் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்தது. பெரியவளின் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் அத்தான் ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, பேனாக்கத்தியால் செதுக்கி, முத்திரை செய்வார். அவர் செதுக்கியது மானா, மலையா என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. நாட்டின் பெயரை மட்டும் அக்கா எழுதிக் கொடுப்பாள். வார்டில் நோயாளி சீட்டு எழுதிப் பழகிய கை, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். அத்தான் எழுத்து கோழி கிறுக்கினது போல இருக்கும், அவரே மறுமுறை படிக்க மாட்டார்.

இன்னொரு விஷயம், நீலப் பூப் போட்ட ஒரே படுக்கை விரிப்பு. ஜப்பானில் அது கிமோனோ. எகிப்தில் கூடாரம். நார்வேக்குப் போனபோது அதுதான் கடல். சாப்பாட்டுக்கு எந்த நாடானாலும் மக்ரோனி. மேலே தக்காளிச் சாறு ஊற்றினால் ஒரு நாடு, பால் ஊற்றினால் வேறு நாடு. உலகத்தில் இருக்கிற அத்தனை ஜனங்களும் மக்ரோனி தின்று, நீலப் பூ விரிப்பைப் போர்த்திக்கொண்டு வாழ்கிறார்கள் என்றுதான் அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளரும்.

நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் இல்லை. பன்னிரண்டு வருஷம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன். எத்தனை நாட்டுப் பெட்டிகள் என் தோள்பட்டையில் ஏறி இறங்கியிருக்கின்றன! உலகத்தின் அழுக்குத் துணி முழுவதையும் தூக்கிப் பார்த்த எனக்கு, இந்த ஆள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு உலகம் காட்டினால் எப்படி இருக்கும்? கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரிப்பேன். வேறென்ன செய்வது?

சூப்பர்வைசர் ஒருவன் ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னை வாடா போடா என்றான். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, அடையாள அட்டையை அவன் மேசையில் வீசிவிட்டு வந்துவிட்டேன். அட்டையை அவன் ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டான் என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். பதினோரு மாதம் ஆகிவிட்டது.

எனக்குப் பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். அது பெரியவளின் அறை. அவளுக்கு ஒன்பது வயது, வீட்டில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குவதால் நான் வைத்த பெயர் கலெக்டர். நான் வந்த நாளிலிருந்து கலெக்டர் ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். அவளுடைய உலகப்படம் மட்டும் என் கட்டிலுக்குப் பின்னால், சுருட்டியபடி மூலையில் நின்றது. விரித்து மாட்ட அந்தச் சுவர் வேண்டும். அந்தச் சுவரில் நான் சட்டை மாட்ட ஆணி அடித்திருந்தேன்.

சின்னவன் ஐந்து வயது வாலு. அவனுக்கு என் பெட்டிமேல் உயிர். ஒரு ஞாயிறு அதைக் கேட்டுக் கெஞ்சினான், போனால் போகிறதென்று துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தப் பெட்டி போய்வந்தது. போன நாட்டுக்கு ஒரு ஒட்டுத்தாள் என்று ஒட்டி ஒட்டி, பழைய பச்சை நிறமே தெரியவில்லை. என் துணிகள் கலெக்டரின் அலமாரியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

எகிப்து ஞாயிறு அன்று அத்தான் மருந்துப் பெட்டிகளை அடுக்கி இடுப்பு உயரத்துக்குப் பிரமிடு கட்டியிருந்தார். வியர்வை வழிய வழிய, உள்ளே ராஜாவை எப்படி வைத்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய் வாலு, உங்கப்பா அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லடா" என்றேன். "எல்லாம் புஸ்தகத்தைப் பார்த்து அளக்கிறாரு. உள்ளே ராஜாவும் இல்ல, கூஜாவும் இல்ல. வெறும் இருமல் மருந்து டப்பா."

வாலு என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு ஓங்கி ஒரு உதை. பிரமிடு ஹால் முழுக்கச் சிதறியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கலெக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகப் பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தாள். அத்தானுக்கு ரோஷம் என்ற ஒன்று இருந்தால்தானே? "மாமா சொல்றதும் சரிதான், நான் போனதில்லை" என்று இளித்துக்கொண்டே மறுபடி அடுக்க ஆரம்பித்தார். சமையலறையில் அக்கா மக்ரோனிச் சட்டியைத் தேய்த்த சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்கடுத்த வாரம் அத்தான் புதிதாக ஒரு யோசனையோடு வந்தார். "இந்த ஞாயிறு நாடு எதுவும் வேண்டாம். ஏர்போர்ட். அதுக்கு நம்ம வீட்டிலேயே நிபுணர் இருக்காரே!" என்று என் தோளைத் தட்டினார். "நீங்கதான் மாப்ள முக்கியமான ஆள். நீங்க பயணி. பாப்பா அதிகாரி. முடிஞ்சதும் நீங்க பார்த்த ஊர் மனுஷங்களைப் பத்தி எல்லாம் சொல்லணும்."

என்னைக் குளிர்விக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இந்தக் கிழங்கு முத்திரைக்காரருக்கு உலகம் என்றால் என்ன என்று ஒருதரம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். வெட்கக்கேடு, ஒன்றும் வரவில்லை. எந்த விமானத்துப் பெட்டி கனம், எதில் கைப்பிடி சீக்கிரம் பிய்யும், அதுதான் ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவரோடுகூட நான் பேசினதில்லை. சரி, எதையாவது அளந்துவிட்டால் போகிறது, இவர்களுக்கென்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஹாலின் குறுக்கே துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மேசை போட்டு, அப்பாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு கலெக்டர் உட்கார்ந்திருந்தாள். வாலு என் பெட்டியைத் தரதரவென்று இழுத்து வந்தான். எனக்கும் ஒரு மாத்திரை அட்டைப் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. அக்கா டியூட்டிக்கு உடுத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

கலெக்டர் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"தொழில்?"

"ஏர்போர்ட்டில் வேலை."

"அது முன்னாடி. இப்போ?"

"எழுதிக்கோ, ஓய்வுன்னு."

எழுதிக்கொண்டாள். "எங்க தங்கியிருக்கீங்க?"

"உன் ரூம்லதான்."

அதையும் எழுதினாள். "வந்த தேதி இங்கே ஏற்கெனவே போட்டிருக்கு. திரும்பிப் போற தேதி?"

நான் சிரித்தேன். அவள் தாளில் விரல் வைத்தபடி காத்திருந்தாள்.

"திரும்பிப் போற தேதி, மாமா. அது காலியா இருந்தா முத்திரை குத்தக் கூடாது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆக, இதற்குத்தான் இத்தனை ஜோடனை! நிபுணர் என்று தோளில் தட்டினது எல்லாம் இதற்குத்தான்!

"அத்தான், உங்களுக்கு வெட்கமா இல்ல?" என்றேன். "என்னைப் போகச் சொல்லணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? அதுக்குத் தைரியம் இல்லாம பச்சப்பிள்ளை கையில எழுதிக் கொடுத்துக் கேக்க வைக்கிறீங்க. கிழங்கு செதுக்கற ஆம்பளைகிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்?"

அத்தான் ஹெல்மெட்டோடு திருதிருவென்று விழித்தார். மேசைக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. சமையலறை வாசல் பக்கம் ஒரு பார்வை, பிறகு தாளைச் சட்டென்று நாலாக மடித்தார்.

"ஆமா மாப்ள, நான்தான் எழுதினேன்" என்றார். "சும்மா விளையாட்டுக்கு. மன்னிச்சுக்குங்க. தேதியும் வேணாம் ஒண்ணும் வேணாம். பாப்பா, மாமாவுக்கு முத்திரை குத்திடு."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். காது இரண்டும் சிவந்துவிட்டன. மடித்த தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி விரித்தேன்.

எழுத்துகள் தனித்தனியாக நிமிர்ந்து நின்றன. நான் வந்த தேதி பதினேழு. அந்த ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருந்தது.

"அவரை எதுக்குடா திட்டறே?" என்றாள் அக்கா, வாசலிலிருந்து நகராமல். "என் எழுத்து உனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நான்தான் பேசாம இருந்தேன், தம்பின்னு. என் பிள்ளையை அவங்கப்பா கட்டினதை உதைக்க வச்சுட்டுச் சிரிச்சே பாரு, அன்னிக்கு எழுதினேன். தேதியைச் சொல்லு. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

கலெக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதினோரு மாதமாக நான் அந்த வீட்டில் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றேன், அத்தானை எட்டாத உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தின்றேன். அந்த உயரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடுத்த ஞாயிறு" என்றேன்.

எழுதிக்கொண்டாள். கிழங்கை மையில் ஒற்றி என் பாஸ்போர்ட்டில் அழுத்திக் குத்தினாள். "அடுத்தவங்க வரலாம்" என்றாள்.

அந்த வாரம் கூட வேலை பார்த்த ஒருத்தனுக்குப் போன் போட்டேன். பார்சல் குடோனில் ஆள் எடுக்கிறார்கள் என்றான், தன் அறையில் பாய் போட இடம் இருக்கிறது என்றான். பதினோரு மாதத்தில் அவனுக்கு நான் போட்ட முதல் போன் அது.

ஞாயிறு வந்தது. நான் சட்டைகளை எடுக்க எடுக்க, கலெக்டர் பின்னாலேயே வந்து ஆணிகளை எண்ணினாள். உலகப்படத்தை மூலையிலிருந்து எடுத்து, நான் இன்னும் அறைக்குள் இருக்கும்போதே கட்டிலில் விரித்து, நாலு முனையிலும் புத்தகம் வைத்து நிமிர்த்தினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பெட்டியை எடுக்கத்தான் தகராறு. வாலு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அலறினான். இன்றைக்குப் பெருவுக்குப் போகிறார்களாம். பெட்டி இல்லாமல் எப்படிப் போவது?

"டேய், அது மாமாவோடது. மாமா ஊருக்குப் போகணும்ல" என்று அத்தான் தூக்கப் பார்த்தார்.

"மாமா போகட்டும்" என்று அழுதான் வாலு. "பெட்டி இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தான் கடையிலிருந்து இரண்டு பெரிய பைகள் கொண்டுவந்து, என் துணிகளை அவரே மடித்து வைத்தார். அக்கா வாசல் வரை வந்தாள். "சாப்பிட்டுட்டுப் போன் பண்ணு" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு பையை அத்தான் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறக்கும்வரை, பெரு நாட்டு மலைகளில் எவ்வளவு உயரத்தில் ஜனங்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள், அங்கே மூச்சு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விரல்களில் கிழங்கு முத்திரையின் நீல மை ஒட்டியிருந்தது. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அதற்கப்புறம் அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

"மக்ரோனி இல்ல மாப்ள" என்றார் அத்தான். "அது நம்ம வீட்டுல மட்டும்தான்."