ஒரு துணி குறைகிறது

என் வீட்டுக்காரர் தையல்காரர். கத்தரியைப் பிடித்தால் ராஜா. நாலு பேர் கூடும் இடத்தில் வாயைத் திறந்தால் ஏதாவது வம்பை இழுத்து வைப்பார். அதனால் அன்று வீட்டைப் பூட்டும்போதே சொல்லிவிட்டேன்.

"அங்க வந்து யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம். எல்லாரும் கைதட்டும்போது கைதட்டுங்க. அது போதும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

சின்னப் பிள்ளை என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். இவரை என்ன செய்வது?

எங்கள் ஒரே மகளுக்கு மரைன் இன்ஜினியரிங் கடைசி வருஷம் முடிகிற நேரம். அவள் சேர்ந்தபோது என் நாத்தனார், "கப்பல்ல பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை, சமையலா?" என்று கேட்டாள். "கப்பலை ஓட வைக்கிற இன்ஜினைப் பார்த்துக்கிற வேலை. அது நின்னுட்டா உங்க கேப்டனும் சமையல்காரரும் நடுக்கடல்ல உக்காந்து சீட்டு ஆட வேண்டியதுதான்" என்றேன். வாய் எனக்கும் கொஞ்சம் நீளம்தான். மகளுக்கும் அது அப்படியே வந்திருக்கிறது.

ஆனால் இந்தப் படிப்பில் ஒரு சிக்கல். கல்லூரியில் படித்து முடித்தால் மட்டும் போதாது; ஏதாவது ஒரு கம்பெனி பயிற்சிக்குக் கப்பலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏறாவிட்டால் படித்ததெல்லாம் வீண். இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே வந்து, "பெண்களைத் தங்கவைக்க எங்க கப்பல்ல வசதி இல்லை" என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டுப் போயின. மிச்சம் இருந்தது இந்த ஒரு கம்பெனி. அதன் ஆள் அன்றைக்கு வருகிறார். மாணவர்கள் பிரித்துப் பூட்டிய பழைய இன்ஜினை அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றார்கள்.

பட்டறை பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் டீசல் வாடை. நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த இன்ஜின், எங்கள் கடை அளவு இருக்கும். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் கல்லூரி முதல்வர். அவர் பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு பெரியவர். அவர்தான் கம்பெனி ஆள். இன்ஜின் பக்கத்தில் எங்கள் பாப்பா, நீல நிற முழு உடுப்பில், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. கூட வேலை செய்த பையனை எல்லாரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அப்படி.

இன்ஜினுக்குள் கைவிட்டு வேலை செய்கிறவர்கள் கொண்டுபோகும் ஸ்பேனர், துடைக்கும் துணி எல்லாவற்றையும் எண்ணித்தான் எடுத்துப் போவார்களாம். முடித்ததும் திரும்ப எண்ணி மேஜையில் அடுக்க வேண்டும். பாப்பா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"சார், ஒரு துணி குறையுது. ஸ்டார்ட் பண்ண முடியாது."

முதல்வர் பல் தெரியச் சிரித்தார். "பாக்கெட்ல கீக்கெட்ல பாரும்மா."

"பார்த்துட்டேன் சார்."

சோடாபுட்டி தலையைச் சொறிந்தான். "காலைல நான் ஒண்ணைக் குப்பையில போட்டேனோ என்னவோ."

"போட்டியா, போட்டேனோ என்னவோவா?" என்றாள் பாப்பா. அவன் மறுபடி தலையைச் சொறிந்தான்.

பின்னாலிருந்து யாரோ, "ஒரு அழுக்குத் துணிக்கா இந்த ஆர்ப்பாட்டம்" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சும்மா. அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்டிட்டு அப்புறம் நிதானமாத் தேடலாம்" என்றார்.

"ஓட்டுனப்புறம் தேடி என்ன சார் பிரயோஜனம்?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடிவாதம் பிடிக்க இவளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? பக்கத்தில் இவர், "ஒரு துணிதானே" என்று முணுமுணுத்தார்.

"நம்ம கடையில ஒரு குண்டூசி காணோம்னா, வந்தவங்களை வாசல்லயே நிக்க வச்சுட்டு ஜாக்கெட்டை உதறி உதறிப் பார்ப்பீங்களே, அது என்னவாம்?" என்றேன். அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அதுதான் என் தப்புக்கணக்கு.

கண்ணாடி துடைக்க அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணித் துண்டு இருக்கும். அதை எடுத்தார். பக்கத்துக் கம்பித் தடுப்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். நான் அவர் தொடையைக் கிள்ளுவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தாம்மா. கீழ கிடந்துச்சு. தெரியாம நான்தான் எடுத்து வச்சுட்டேன்."

கொட்டகையே சிரித்தது. முதல்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அந்தப் பொய் பலிக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பாப்பா வந்து துணியை வாங்கினாள். விரித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம கடைத் துணி. உங்க கத்தரி வெட்டு எனக்குத் தெரியாதா?"

மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. துணியை மடித்து அவர் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு முதல்வரிடம் போனாள். "திறந்து பார்க்கணும் சார்."

இவர் உட்கார்ந்தார். திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

கம்பெனிக்காரர் எழுந்தார். போச்சு, கிளம்பிவிட்டார், இவளுக்கு இனிக் கப்பலும் இல்லை ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். மேஜையில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டார்.

"எங்க வெளிச்சம் வேணும், சொல்லு."

பாப்பாவும் சோடாபுட்டியும் போல்ட்டுகளைக் கழற்றி முதல் மூடியைத் திறந்தார்கள். ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எங்கள் வரிசையில் ஆளாளுக்குப் போனைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது மூடியைத் திறந்ததும் அவள் தரையில் படுத்துவிட்டாள். அடியில் தேங்கியிருந்த எண்ணெய்க்குள் தோள்வரை கையை விட்டு, கன்னத்தை இரும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். தையல் மிஷினுக்கு அடியில் விழுந்த பட்டனை நான் அப்படித்தான் தேடுவேன். திடீரென்று கண்ணைத் திறந்தாள். கையை மெல்ல மெல்ல வெளியே இழுத்தாள். விரல்களில் கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட, ஒரு துணி.

யாரும் சிரிக்கவில்லை. கம்பெனிக்காரர்தான் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "எண்ணெயை உறிஞ்சுற குழாய் வாயில சுத்திக்கிட்டு இருந்திருக்கு. ஓட்டியிருந்தா எண்ணெய் மேல ஏறாது. கொஞ்ச நேரத்துல உள்ள எல்லாம் சூடேறி உருகி, இன்ஜின் இறுகிப்போயிருக்கும். இதுவே கடல்ல, புயல்ல நடந்தா?"

சோடாபுட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. பாப்பா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ எண்ணு, நான் பார்க்கிறேன்" என்றாள். அவன் சத்தமாக எண்ணினான். இந்தத் தடவை சரியாக இருந்தது.

மூடிகளைப் பூட்டி இன்ஜினை ஓட்டினாள். செருப்பு வழியாகக் காலுக்குள் அதிர்வு ஏறியது. இவ்வளவு பெரிய இரும்பு என் பிள்ளை கைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது என்று நினைத்ததும் அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்ஜினை நிறுத்தியதும் கம்பெனிக்காரர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார். "உங்க அப்பா கொடுத்ததும் கணக்கு சரியாயிடுச்சே. வாங்கி வச்சுட்டு வேலையைப் பார்த்திருக்கலாமே?"

"கணக்குதான் சார் சரியாச்சு. துணி உள்ளதான இருந்துச்சு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். இவர் எழுந்து தரையைப் பார்த்தபடி நின்றார். "தப்பு என்மேலதான் சார். பாப்பாவுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல."

"நான் பாதி ஆயுசைக் கப்பல் இன்ஜின் ரூம்லயே கழிச்சவன்" என்றார் அவர். "பெத்த அப்பாவே எழுந்து நின்னு சொல்லியும், உள்ள பார்த்தாத்தான் நம்புவேன்னு நிக்கிற ஆளை அங்கேகூட நான் அதிகம் பார்த்ததில்ல. அடுத்த மாசம் எங்க கப்பல் கிளம்புது. அனுப்புவீங்கதானே?"

இவர் தலையைத் தலையை ஆட்டினார். "அனுப்புறோம் சார்" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் சட்டைக்கு அளவு கொடுக்க ஒருவர் கடைக்கு வந்தார். இவர் அளவு நாடாவை அவர் தோளில் வைத்தாரோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து அத்தனை பேர் முன்னாடி என் பொண்ணு நான் சொன்னதைப் பொய்ன்னு சொல்லிட்டா சார். பெத்த அப்பன் சொல்றேன், நம்பணுமே? நம்பலையே."

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. வந்தவர் ஆறுதல் சொல்வதா, கைகொடுப்பதா என்று புரியாமல், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கைகொடுங்க" என்றேன்.