மாயம்மாள் கழற்றிய மாலை

நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் படுத்துக் கிடந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மறுநாள்? மறுநாளும் காய்ச்சல் என்றால் நம்புவார்களா?

ரஃபியாவின் மனதில் ஓடுவது தெரியாமல் எதிரே பேசிக்கொண்டிருந்தார் பழனிக்குமார். தாடிக்கொம்பு சாலையில் உள்ள இந்த மசாலாப் பொடிக் கம்பெனியின் முதலாளி. அவள் இங்கே கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்பவள்.

"நாளைக்கு லேபர் ஆபீசர் வந்தா மொதல்ல உங்களத்தான் கேப்பாரு, ரஃபியாம்மா. மாயம்மா நம்ம கம்பெனி ஆளு இல்ல, காண்ட்ராக்ட்டு. இஷ்டமிருந்தா வரும், இல்லாட்டி வராது. அம்புட்டுத்தான் சொல்லணும்."

தைப்பூசத்தன்று அரவை மிஷினில் மாயம்மாளின் விரல்கள் சிக்கிக்கொண்டன. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கார்டு கேட்டார்கள். அவளுக்குக் கார்டு இல்லை. இப்போது தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷனுக்கு வழியில்லாமல் கிடக்கிறாள். புருஷன்தான் புகார் கொடுத்திருக்கிறான்.

"உண்மையச் சொன்னா என்னாகும் சார்?" தெரிந்தேதான் கேட்டாள்.

"என்னாகுமா? அது நம்ம ஆளுன்னு ஆயிட்டா அம்புட்டுப் பொம்பளைகளும் நம்ம ஆளுதான். இத்தன வருசத்து பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாத்தையும் அபராதத்தோட கட்டணும். வைத்தியச் செலவும் நம்ம தலையில. கேஸ் வேற வருங்கறாரு வக்கீலு. கம்பெனிய மூடிட்டு நான் பழனியில மொட்டையப் போட்டு உக்கார வேண்டியதுதான்."

பழனிக்கு நடந்து போகத்தான் மாயம்மாள் மாலை போட்டிருந்தாள். லீவு கேட்டு இதே மேசை முன்னால் நின்றாள். "ஊரே முருகன்கிட்டப் போயிட்டா மொளகா யாரு அரைப்பா, முருகனா?" என்று இவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். மாயம்மாளும் சிரித்தாள். பிறகு பேக்கிங் அறைக்குப் போய், முருகன் படத்து ஆணியில் மாலையைக் கழற்றி மாட்டினாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

இஷ்டமிருந்தா வரும், இல்லாட்டி வராது. ரஃபியா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"உங்களுக்கு என்ன கொறை வச்சேன்? இங்க கார்டு இருக்கறது உங்க ஒருத்தருக்குத்தான். உங்க வீட்டுக்காரரு மூச்சுத்திணறலுக்கு அதுலதான மருந்து வாங்குறாரு?"

"ஆமா சார்."

"அப்பறம், அந்த மாலையையும் எடுத்துருங்க. ஆபீசர் பாத்து, யாரோடதுன்னு கேட்டு வச்சாருன்னா வம்பு."

எழுந்து போனாள். மாலைமேல் மிளகாய்த்தூள் சிவப்பாகப் படிந்திருந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கழற்றியவளே வந்து எடுக்கட்டும்.

திரும்பி வந்தபோது அவர் போனிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டார். "எடுத்துட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் நிமிர்ந்தார்.

"லீவு இல்லன்னு நீங்க சொன்னப்ப நானும் இங்கதான் இருந்தேன். நாளைக்கு வாரேன் சார். நீங்க சொல்லச் சொன்னத மட்டும் சொல்ல மாட்டேன்."