மேகராச்சியத்தின் பிரஜை

எண்பத்தைந்தாம் ஆண்டில் ஜமால்தீன் முதலாளி தன் அச்சகத்துக்கு ஒரு டிவி வாங்கிப் போட்டார். அன்றைக்கே மேகராசனுக்குச் சனி பிடித்தது.

மேகராசன், லோரன்ஸ் வரைந்த மாவீரன். மாத்தளையில் அச்சாகும் சித்திரக்கதை வார இதழில் நான்கு வருடமாக ரிவர்ஸ்டன் மலை மூடுபனிக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். மலையைத் தூக்குவான், சுவருக்கு அப்பால் பார்ப்பான். முதலாளிக்கு அதெல்லாம் புளித்துப்போய்விட்டது. டிவியில் செவ்வாய்க்கிழமைத் தொடரில் வரும் கறுப்புக் கண்ணாடி ஒற்றர்கள் இரண்டு பேரையும் மேகராசனோடு சேர்த்துவிடச் சொன்னார். சுவருக்கு அப்பால் பார்க்கிறவனுக்கு ஒற்றன் எதற்கு என்று லோரன்ஸ் நியாயம் கேட்டான். இதழ் விற்பதற்கு என்று பதில் வந்தது. கலை பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது.

ஆக, ஒற்றர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஐந்து பாஸ்போர்ட். அவற்றை மேசையில் பரப்பி வைக்கும் படத்தை வரையும்போது லோரன்ஸுக்கு வயிறு எரிந்தது. அவனிடம் ஓர் அடையாள அட்டைகூடக் கிடையாது. குடியுரிமை இந்தியாவிலா இலங்கையிலா என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் மனுக் கேட்ட காலத்தில் அவனுடைய அப்பா நிதானமாக யோசித்தார். யோசித்து முடித்தபோது கடைசித் தேதி போய்விட்டது. இரண்டு நாடும் பெருந்தன்மையாக அவனை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துவிட்டன. ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து வெள்ளிதோறும் படங்களோடு பஸ் ஏறுகிறவனுக்கு, தோட்ட ஆபீஸ் கொடுத்த பழுத்த கடிதம் ஒன்றுதான் துணை. ராணுவச் சோதனைச் சாவடியில் அது ஒருநாள் செல்லாமற்போகும் என்ற பயம் அவனுக்கு எப்போதும் இருந்தது.

அந்த எரிச்சலோடுதான், முதலாளி கேட்ட இலவச இணைப்பை வரைந்தான். பின்னட்டையில் வெட்டியெடுக்க ஓர் ஒற்றர் அட்டை. படம் ஒட்ட இடம், இலக்கம், வட்ட முத்திரை, கையெழுத்து. கீழே, 'இவர் மேகராச்சியத்தின் பிரஜை. இவரை மறிப்பவர் மேகராசனுக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று ஒரு வாசகம். இதழ் இரண்டே நாளில் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒற்றர் பைத்தியம் பிடித்துவிட்டதென்று முதலாளி பூரித்துப்போனார்.

பைத்தியம் யாருக்கென்று மூன்றாவது வெள்ளிக்கிழமை தெரிந்தது. சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். லோரன்ஸுக்கு முன்னால் அழகம்மா நின்றாள். அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், அவனைப் போலவே நாடில்லாதவள். பொலித்தீன் சுற்றிய ஒற்றர் அட்டையை அவள் நீட்டினாள். ஸ்டூடியோவில் எடுத்த படம் வேறு ஒட்டியிருந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத சிப்பாய் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், போகச் சொன்னான். அவளுக்கு முன்னால் நான்கு பேர் அதே அட்டையோடு போயிருந்தார்கள்.

லோரன்ஸ் கடிதத்தை நீட்டினான். இது வெறும் கடுதாசி, கார்ட் எங்கே என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். இல்லை என்றதும் ஓரமாக நிற்கச் சொன்னான்.

"ஊருக்கே வரைஞ்சு குடுத்தீங்க, உங்களுக்கு ஒண்ணு வெட்டி வச்சுக்கலயா தம்பி?" என்று மெல்லக் கேட்டுவிட்டு அழகம்மா பஸ் ஏறினாள்.

மேகராசன் பறந்து வரவில்லை. ஒற்றர்கள் லோரன்ஸின் பையில்தான் இருந்தார்கள், பத்துப் பாஸ்போர்ட்டோடு. படங்கள் வந்து சேராததால், பொழுது சாயும் நேரத்தில் முதலாளியே தேடிக்கொண்டு வந்து, தெரிந்த ஆள் என்று பொறுப்பேற்றுக் கூட்டிப்போனார். அவமானத்தில் லோரன்ஸுக்குத் தலை நிமிரவில்லை.

அச்சகத்தில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த இதழில் ஒரு பிரதி. முதலாளி அலமாரியெல்லாம் தேடினார். மற்ற வாரங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அந்த வாரம் மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை. அச்சுத் தகட்டையும் தேய்த்து அடுத்த இதழுக்கு எடுத்தாயிற்று. மேகராச்சியத்திலும் லோரன்ஸ் கடைசித் தேதிக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்திருந்தான்.

"நீங்க வரைஞ்சதுதானே லோரன்ஸ், இன்னொண்ணு வரைஞ்சுக்கங்க" என்றார் முதலாளி.

"கையால வரைஞ்சா அது கள்ளக் கார்டு முதலாளி" என்றான் லோரன்ஸ்.