ஹோம் காட்டும் இடம்

'சிதம்பரத்தில் ஹோம் என்ற பெயர் யாருடைய இடத்தைக் காட்டும்?'

தனக்குள் எழுந்த கேள்வியில், டீ கிளாஸை எடுக்கப் போன திலகவதியின் கை அப்படியே நின்றது. மீனவர்களுக்கு அலை எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியது. சிதம்பரத்து ஆய்வகக் கணினியில் அதைப் பொருத்துவதற்கான கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலும் அவளுடையதுதான். பழசைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கட்டும் என்று அதில் ஒரு வரி வைத்திருந்தாள்: ஹோமுக்குள் இருக்கும் 'அலை' ஃபோல்டரை அழி.

ஹோம் அவள் வைத்த பெயரில்லை, கணினியை இயக்கும் யூனிக்ஸ் தயாராக வைத்திருப்பது. யார் லாகின் செய்கிறார்களோ அவர்களுடைய ஃபோல்டரைக் காட்டும். கடலூர் ஆபீஸில், அவள் கணினியில், 'அலை'க்குள் கிடந்தது சோதனைக் குப்பை. சிதம்பரத்தில் லாகின், அங்கே கடலை ஆராயும் ஸ்ரீமதி மேடத்துடையது. எட்டு வருஷமாகப் படகில் போய் எடுத்த அலை அளவுகளை மேடம் வைத்திருந்த ஃபோல்டரின் பெயர்? போன வாரம் திரையில் பார்த்த மாதிரி இருந்தது. 'அலை' என்றுதான். இன்னொரு பிரதி எடுக்க நேரமே இல்லை என்று மேடம் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

மேக்ஃபைலை நிறைவேற்றும் மேக் எந்த ஃபோல்டரில் ஓடுகிறதோ அதையே காட்டும் கர்டிர் என்ற பெயரும் தயாராகத்தான் இருந்தது. ஏன் அதைப் போடவில்லை?

சிதம்பரத்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. இளவரசு, அக்கா புருஷன். மூன்று வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்குத் தன் கம்பெனியில் நாற்காலி போட்டவர்.

“திலகா, கரண்ட் போயி வந்துச்சு, பாஸ்வேர்டு கேக்குது. மேடம் கடல்ல இருக்காங்க, லைன் கெடைக்கல. உங்கிட்ட சொல்லியிருக்காங்கல்ல, சொல்லு. நானே மேக் ஓட்டிடுறேன். பன்னெண்டுக்கு ஆபீசருங்க பாக்க வராங்க.”

“வேணாம் மாமா. ஓட்டினா மேடத்தோட டேட்டா மொத்தமும் போயிடும். என் தப்புதான்.”

“போயிடும்னு தெரியுமா, தோணுதா?”

ஃபோல்டரின் பெயரை இன்னொரு தடவை நினைவில் தேடினாள்.

“நீ கேஸ் அடுப்ப மூடிட்டு நாலு தடவ போயிப் பாப்பன்னு உங்கக்கா சொல்லுவா. அந்தக் கதையா இது?”

அவர் சொன்னதும் உண்மைதான். தன்னிடம் இருப்பது பயமா புத்தியா என்று அவளால் ஒருநாளும் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“தோணுதுதான் மாமா. இப்பவே பஸ் ஏறுறேன். வந்து பாத்துட்டு நானே ஓட்டுறேன்.”

“நீ வந்து சேர்றதுக்குள்ள அவுங்க வந்துட்டா நான் என்ன பதில் சொல்றது? இந்த வேலைக்கு உன்ன நம்பி ஒத்துக்கிட்டேன் பாரு. பாஸ்வேர்டு என்ன?”

எட்டு எழுத்தும் நாக்கு நுனியில் நின்றன.

“சொல்ல மாட்டேன் மாமா” என்றாள், குரலை உயர்த்தாமல்.